விவாகரத்து நடக்கும்போதே வீட்டையும் வரவு செலவையும் நிமிர்த்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வழக்கு ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்கும். வாய்தா மேல் வாய்தா போகும். ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் கடன் தவணையும் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. நான் அந்தக் காலத்தைக் கடந்தபோது கேட்டுத் திரிந்த கேள்விகளும், பிறகு அதே நிலையில் என்னிடம் வந்தவர்கள் கேட்டவையும் இங்கே இருக்கின்றன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், அதற்கு உங்கள் வக்கீல்தான். வீட்டையும் பணத்தையும் பற்றி மட்டும் பேசுவோம்.

பிரிவது என்று முடிவாகிவிட்டது. முதலில் எதில் கை வைப்பது?

முதல் வாரத்திலேயே மூன்று காரியங்களை முடித்துவிடுங்கள். ஒன்று, உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிக் கணக்கு. கூட்டுக் கணக்கும் வீட்டுக் கடனும் இருக்கும் அதே வங்கி வேண்டாம், வேறு வங்கியாக இருக்கட்டும். கடன் தவணை தவறினால், அதே வங்கியில் உள்ள உங்கள் சேமிப்பிலிருந்து பிடித்துக்கொள்ளும் உரிமை பல இடங்களில் வங்கிகளுக்கு உண்டு.

இரண்டு, உங்கள் கையில் மட்டும் இருக்கும் செல்பேசி எண்ணும் புது மின்னஞ்சல் முகவரியும். ஓடிபி யார் போனுக்குப் போகிறதோ அவர் கையில்தான் கணக்கு இருக்கிறது. பழைய எண்ணை இன்னொருவர் பெயரில் வாங்கியிருந்தால், அவர் நினைத்த நாளில் அது அணைந்துவிடும்.

மூன்று, காகிதங்கள். திருமணச் சான்று, பிறப்புச் சான்றுகள், பாஸ்போர்ட், வீட்டுப் பத்திரம், கடன் ஒப்பந்தம், இருவரின் சம்பளச் சீட்டு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு, காப்பீட்டு பாலிசிகள், ஓய்வூதியம் அல்லது சேமநிதிக் கணக்கு, முதலீட்டு அறிக்கைகள், லாக்கர் விவரம். உங்கள் சொந்தச் சான்றிதழ்களைத் தவிர மற்றவற்றின் அசலை அள்ளிக்கொண்டு போக வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் தெளிவாகப் படம் எடுத்து, நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

வீட்டில் அடி உதையோ மிரட்டலோ இருந்தால் இந்த வரிசையே பொருந்தாது. முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள். தொலைந்த காகிதத்துக்கு மறுபிரதி வாங்கிக்கொள்ளலாம்.

வரவு செலவு முழுக்க அவர்தான் பார்த்தார். எனக்கு ஒன்றுமே தெரியாது. எங்கே தொடங்குவது?

பன்னிரண்டு மாத வங்கி அறிக்கையிலிருந்து. மூன்று மாதம் போதும் என்று சிலர் சொல்வார்கள், போதாது.

நான் முதல் தடவை உட்கார்ந்தபோது, மகளின் பழைய ரஃப் நோட்டில் மிச்சம் இருந்த பக்கங்களைத்தான் எடுத்தேன். மேலே அவள் எழுதிய ஏழாம் வாய்ப்பாடு பாதியில் நின்றிருந்தது. அதற்குக் கீழே கோடு போட்டு, கடைசி மாதத்தில் தொடங்கிப் பின்னோக்கி மாதங்களை எழுதி, ஒவ்வொரு வரியாக இறக்கினேன். இரண்டாவது நாள் ராத்திரி, பதினோராம் மாதத்துக்கு வந்தபோது ஒரு பெரிய தொகை மொத்தமாக வெளியே போயிருந்தது. அரை மணி நேரம் பயந்து போய் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அது குடும்ப மருத்துவக் காப்பீட்டின் வருடப் பிரீமியம். அடுத்த தவணைக்கு ஏழு வாரம்தான் இருந்தது. அது தெரியாமல் விட்டிருந்தால், காப்பீடே இல்லாத வீட்டில் நானும் பிள்ளையும் இருந்திருப்போம்.

அதனால் செலவுகளை மூன்றாகப் பிரியுங்கள். மாதாமாதம் தப்பாமல் போவது. மனசு வைத்தால் குறைக்கக்கூடியது. வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ முறை மட்டும் வந்து ஆளைச் சாய்ப்பது. இந்த மூன்றாவதை 12-ஆல் வகுத்து மாதக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். புதிதாகத் தனியாக வாழத் தொடங்குகிறவர்களின் கணக்கு பெரும்பாலும் இதில்தான் உதைக்கிறது.

அப்புறம் சொத்துக்கு ஒரே ஒரு தாள். என்ன சொத்து, யார் பெயரில், இன்று விற்றால் என்ன கிடைக்கும், அதன் மேல் எவ்வளவு கடன், எப்போது எப்படி வந்தது. கடைசிக் கட்டத்தை விட்டுவிடாதீர்கள். திருமணத்துக்கு முன் வாங்கியதா, பின் வாங்கியதா, பெற்றோர் வழி வந்ததா, பரிசாக வந்ததா என்பதை வைத்துத்தான் பல சட்டங்கள் பங்கைப் பேசுகின்றன. இந்தத் தாளோடு போனால் வக்கீலிடம் முதல் சந்திப்பு பாதி நேரத்தில் முடியும்.

எல்லாவற்றிலும் பாதி எனக்கு வரும்தானே?

வரலாம், வராமலும் போகலாம். தீர்ப்பு வருவதற்கு முன்பே அந்தப் பாதியை நம்பிச் செலவுத் திட்டம் போடுவது ஆபத்து. கலிஃபோர்னியாவில் திருமண காலத்தில் சம்பாதித்தது இருவருக்கும் சமம் என்பதுதான் அடிப்படை விதி. இங்கிலாந்தில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிள்ளைகளின் நலன், இருவரின் தேவை, சம்பாதிக்கும் திறன், திருமணம் நீடித்த காலம் எல்லாவற்றையும் எடை போட்டு நீதிமன்றம் முடிவு செய்கிறது. இந்தியாவில் கோவா போன்ற ஓரிரு இடங்களைத் தவிர, அப்படி ஒரு பொதுவான பாதிப் பங்கு விதியே கிடையாது. சொத்து யார் பெயரில் இருக்கிறதோ அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும், ஜீவனாம்சம் தனிக் கணக்கு. பக்கத்து வீட்டில் நடந்த விவாகரத்தை வைத்து உங்களுடையதைக் கணக்குப் போடாதீர்கள்.

கூட்டுக் கணக்கில் உள்ள பணத்தை எடுத்துவிடலாமா? அவர் எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பயம் நியாயம்தான். ஆனால் கணக்கைத் துடைத்து எடுத்தால், ‘பணத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்’ என்ற பேர் உங்கள் மேல் விழும். நீதிபதி முன்னால் அந்த முதல் எண்ணத்தை மாற்றுவது கஷ்டம். வீடு நடத்த இரண்டு மூன்று மாதத்துக்கு ஆகும் நியாயமான தொகையை எடுத்து, எதற்கு, எவ்வளவு, எந்தத் தேதியில் என்று எழுத்தில் அவருக்குத் தெரிவியுங்கள். எடுப்பதற்கு முந்தின நாள் இருப்பைக் காட்டும் அறிக்கையைச் சேமித்து வையுங்கள்.

இருவரும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்கலாம் என்று கணக்கை மாற்றித் தரும்படி வங்கியில் எழுதிக் கேட்கலாம். உங்கள் பெயரில் உள்ள கிரெடிட் கார்டில் அவருக்குத் துணை கார்டு இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள். அதில் அவர் தேய்ப்பது உங்கள் கடன்.

வீட்டுக் கடன் இருவர் பெயரிலும் இருக்கிறது. ‘இனி அவரே கட்டுவார்’ என்று தீர்ப்பில் எழுதினால் போதுமா?

போதாது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

விவாகரத்து உங்கள் இருவருக்கும் நடுவில் நடப்பது. கடன் ஒப்பந்தம் உங்கள் இருவருக்கும் வங்கிக்கும் நடுவில் இருப்பது. வங்கி உங்கள் வழக்கில் ஒரு தரப்பே இல்லை, அதனால் அந்தத் தீர்ப்பு அதைக் கட்டுப்படுத்தாது. கணவன் மனைவி உறவு முடிந்த பிறகும், அந்த ஒப்பந்தத்தில் நீங்கள் கூட்டுக் கடன்காரர்தான். அவர் மூன்று தவணை தவறவிட்டால் வங்கி உங்களைத் தேடி வரும். உங்கள் கிரெடிட் ஸ்கோரும் சேர்ந்தே விழும். நீங்கள் தனியாக ஒரு சின்ன வீட்டுக்குக் கடன் கேட்கப் போகும்போது, இந்தப் பழைய கடன் முழுசாக உங்கள் தலையில் இருப்பதாகவே அங்கே கணக்குப் போடுவார்கள். ‘தீர்ப்பில் அவர் கட்டவேண்டும் என்றுதானே இருக்கிறது’ என்று அவர் மேல் மறுபடி வழக்குப் போடலாம், உண்மைதான். அதற்குள் போனது போனதுதான்.

வழி மூன்றுதான். வீட்டை விற்றுக் கடனை அடைப்பது. வீட்டை வைத்துக்கொள்பவர் தன் ஒருவர் பெயரில் புதுக் கடன் வாங்கிப் பழையதை மூடுவது. வங்கியே எழுத்துபூர்வமாக உங்களைக் கடனிலிருந்து விடுவிப்பது. கடைசியானது எளிதில் நடக்காது, ஏனென்றால் இரண்டு சம்பளத்தை நம்பிக் கொடுத்த கடனை ஒரு சம்பளத்தின் மேல் விட வங்கிக்கு மனசு வராது. எது ஆனாலும் ஒப்பந்தத்தில் தேதி இருக்க வேண்டும். ‘ஆறு மாதத்துக்குள் கடனைத் தன் பெயருக்கு மாற்றாவிட்டால் வீடு விற்பனைக்குப் போகும்’ என்ற ஒரு வரி, பல வருட அலைச்சலை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. கடனிலிருந்து பெயர் போவதற்கு முன்னால், பத்திரத்திலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சம்மதிக்காதீர்கள். வீடு அவருக்கு, கடன் உங்களுக்கும் என்று ஆகிவிடும். இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அழுதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டை நான் வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடு, கதவு நிலையில் அவர்கள் உயரத்தைக் குறித்த கோடுகள் இருக்கும் வீடு. அதை விட மனசு வராது. எனக்கும் வரவில்லை. ஆனாலும் முதலில் கணக்கைப் போட்டுவிட்டு, அப்புறம் மனசைக் கேளுங்கள்.

வீட்டின் இன்றைய மதிப்பு 100 என்று வைத்துக்கொள்வோம். பாக்கிக் கடன் 55. அப்படியானால் வீட்டில் உங்கள் இருவருக்கும் சொந்தமானது 45தான். சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 22.5. நீங்கள் வீட்டை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவருக்கு 22.5 தர வேண்டும், 55 கடனையும் ஏற்க வேண்டும். கையில் சேமிப்பு இல்லையென்றால் மொத்தம் 77.5 கடன், அதுவும் ஒரே சம்பளத்தில். இதுவரை 55-க்கு இரண்டு பேர் தவணை கட்டினீர்கள், இனி 77.5-க்கு ஒருவர். கடன் ஏறக்குறைய 41 சதவீதம் கூடுகிறது, கட்டும் ஆள் பாதியாகிறார்.

இதோடு வீட்டு வரி, காப்பீடு, பராமரிப்பு, கூரை ஒழுகல், மோட்டார் பழுது எல்லாவற்றையும் சேருங்கள். எல்லாம் சேர்ந்து கைக்கு வரும் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், அந்த வீடு உங்களை நிம்மதியாக வைத்திருக்காது. கொஞ்ச நாளைக்குச் சமாளித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். அந்தக் கொஞ்ச நாளில்தான் கிரெடிட் கார்டுக் கடன் சேருகிறது.

இன்னொரு பொறி இருக்கிறது. ‘வீடு உனக்கு, சேமிப்பும் சேமநிதியும் எனக்கு’ என்று பேரம் வரும். தொகை சமமாகத் தெரியும். ஆனால் சுவரை உடைத்துப் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாது. அவசரத்துக்குக் கையில் காசு இல்லாத வீட்டுச் சொந்தக்காரரைவிட, ஆறு மாதக் கையிருப்போடு வாடகை வீட்டில் இருப்பவர் நன்றாகத் தூங்குகிறார் என்பது என் அனுபவம். வீட்டுக்கு ஈடாக எதை விட்டுக்கொடுத்தாலும், கைப்பணத்தை முழுக்க விட்டுக்கொடுக்காதீர்கள்.

சம்பளம் தாங்குகிறது, பிள்ளைகளின் பள்ளி பக்கத்தில் இருக்கிறது, பாக்கிக் கடனும் குறைவு என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு நான் எதிரியில்லை. மதிப்பை மட்டும் இருவரும் ஒப்புக்கொள்ளும் ஒரு மதிப்பீட்டாளரிடம் போட்டு வாங்குங்கள். விற்பவர் சொல்லும் விலையும் வாங்குபவர் சொல்லும் விலையும் எப்போதும் வேறுதான்.

ஒரே வருமானத்தில் முன்பு போலவே வாழ முடியுமா?

அதே மொத்த வருமானத்தில் முடியாது. அது உங்கள் கெட்டிக்காரத்தனத்தில் குறை இருப்பதால் அல்ல. பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் பெயரால் வழங்கும் ஒரு அளவுகோல் இருக்கிறது. குடும்பத்தின் முதல் பெரியவருக்கு 1, அடுத்த பெரியவருக்கு 0.5, 14 வயதுக்குக் கீழ் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் 0.3 என்று அது தேவையைக் கணக்கிடுகிறது. இரண்டாவது ஆளுக்குப் பாதிதான், ஏனென்றால் கூரையும் அடுப்பும் விளக்கும் ஏற்கனவே இருக்கின்றன.

அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஒரே வீட்டில் இருந்தால் 2.1. பிரிந்த பிறகு பிள்ளைகளோடு ஒருவர் 1.6, தனியாக ஒருவர் 1. மொத்தம் 2.6. ஆக, இருவரும் முன்பு இருந்த நிலையிலேயே வாழ வேண்டுமானால் மொத்த வருமானம் சுமார் 24 சதவீதம் கூட வேண்டும். யாருக்கும் பிரியும் மாதத்தில் சம்பளம் 24 சதவீதம் உயர்வதில்லை. அதனால் இருவருக்குமே கொஞ்சம் இறங்கும். இது தெரிந்தால், ‘அவர் சுகமாக இருக்கிறார், நான் மட்டும் கஷ்டப்படுகிறேன்’ என்ற எண்ணத்தில் போகும் சண்டை கொஞ்சம் குறையும்.

குறைக்க வேண்டுமென்றால் பெரிய செலவில் குறையுங்கள். வாடகை, வண்டித் தவணை, பள்ளி வாகனம் போன்றவை. சின்னச் சின்ன சந்தோஷங்களை எல்லாம் முதல் மாதமே வெட்டினால் மூன்றாவது மாதம் மனசு உடைந்து ஒரே மூச்சில் செலவழித்துவிடுவோம்.

வாடகை வீட்டுக்குப் போகிறேன். எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போவது?

முதல் ராத்திரிக்கு வேண்டியதை ஒரு பெட்டியில் தனியாகக் கட்டுங்கள். படுக்கை விரிப்பு, ஒரு பாத்திரம், சோப்பு, மருந்து, சார்ஜர், விளக்கு பல்பு, கத்தரிக்கோல். பல்பை நான் மறந்தேன். காலி வீட்டில் பேச்சு எதிரொலிக்கும் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். செல்பேசி வெளிச்சத்தில் பாய் விரித்தபோது மகள், ‘அம்மா, இங்கே கத்தினால் திரும்பப் பேசுது’ என்றாள். அவளுக்கு அது விளையாட்டு. அந்த ஒரு வாரம் நாங்கள் தரையிலேதான் சாப்பிட்டோம், ஒன்றும் குறைந்துபோகவில்லை.

புதுச் சாமான்களைத் தவணையில் வாங்கி வீட்டை நிரப்ப அவசரப்பட வேண்டாம். படுக்க, சமைக்க, துணி துவைக்க, பிள்ளை படிக்க ஒரு மேசை. இந்த நான்குக்கும் வழி பண்ணிவிட்டு மூன்று மாதம் இருந்து பாருங்கள். எது உண்மையிலேயே வேண்டும் என்று வீடே சொல்லும். பழைய வீட்டுச் சாமான்களைப் பிரிக்கும்போது, வெளியேறும் முன் ஒவ்வொரு அறையையும் அலமாரி திறந்த நிலையில் வீடியோ எடுத்து வையுங்கள். வக்கீலுக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் பணமே ஒரு சோபாவின் விலையைத் தாண்டிவிடும், அதனால் சோபாவுக்காகச் சண்டை போடாதீர்கள். புகைப்பட ஆல்பங்களுக்குப் பிரதி எடுத்துக்கொள்ளலாம்.

வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும். முகவரிச் சான்றுக்கு அது பலமுறை உதவும்.

பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருப்பார்கள். எல்லாவற்றையும் இரண்டாக வாங்க வேண்டுமா?

வேண்டாம். பல் துலக்கும் பிரஷ், உள்ளாடை, இரவு உடை, எழுதுபொருள், மருந்து ஆகியவை மட்டும் இரண்டு இடத்திலும் இருக்கட்டும். பிள்ளை பை தூக்கிக்கொண்டு வந்து போகும் விருந்தாளி ஆகக்கூடாது. அதற்காகத் தனி அறை கொடுக்க வேண்டும் என்று இல்லை. ஒரு அலமாரித் தட்டு, அதில் பிள்ளை கையாலேயே எழுதி ஒட்டிய பெயர், அது போதும்.

பள்ளிக் கட்டணம், மருத்துவம் போன்ற பெரிய செலவுகளை யார், எந்த விகிதத்தில், எந்தத் தேதிக்குள் தருவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ‘பாதிப் பாதி’ என்பதைவிட இருவரின் வருமான விகிதத்தில் பிரிப்பது பெரும்பாலும் நியாயம்.

ஜீவனாம்சம் மொத்தமாக வாங்குவதா, மாதாமாதமா?

கொடுப்பவர் எப்படிப்பட்டவர், உங்களுக்குப் பணம் கையாளத் தெரியுமா, இந்த இரண்டையும் பார்த்துச் சொல்ல வேண்டிய பதில் இது.

முதலில் கணக்கு. பத்து வருடத்துக்கு மாதாமாதம் வருவது என்றால் 120 மாதத் தொகை. வருடம் 6 சதவீத வட்டி கிடைக்கும் என்று வைத்தால், அதன் இன்றைய மதிப்பு சுமார் 90 மாதத் தொகை. ஆக, யாராவது 60 மாதத் தொகையை மொத்தமாகத் தருகிறேன் என்றால் அது குறைவு. 85 என்றால் யோசிக்கலாம். பேச்சுவார்த்தைக்குப் போகும்முன் இந்த எண்ணைப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதாமாதம் என்றால் விலைவாசி உங்களுக்கு எதிரி. 72-ஐ விலைவாசி உயர்வு சதவீதத்தால் வகுத்தால், பணத்தின் மதிப்பு பாதியாக எத்தனை வருடம் ஆகும் என்று ஏறக்குறைய தெரியும். 6 சதவீதம் என்றால் 12 வருடம். இன்று ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பதினேழு வயதாகும்போது அதே தொகை பாதிச் சாமான்தான் வாங்கும். அதனால் வருடா வருடம் இத்தனை சதவீதம் உயரும் என்ற வரியை மறக்காமல் கேளுங்கள். கொடுப்பவர் இறந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் கேளுங்கள். அவர் பெயரில் ஆயுள் காப்பீடு, அதில் பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ பணம் என்று எழுதி வாங்குவது பல இடங்களில் நடப்பதுதான்.

கொடுப்பவருக்கு நிலையான வேலை இல்லை, வெளிநாட்டுக்குப் போகப் போகிறார், இடைக்கால ஜீவனாம்சத்தையே இழுத்தடித்துத்தான் தந்தார் என்றால் கொஞ்சம் குறைந்தாலும் மொத்தத் தொகையே மேல் என்பேன். மாதம் தவறினால் ஒவ்வொரு முறையும் நீதிமன்றப் படியேறுவது பணத்தைவிடப் பெரிய செலவு. ஆனால் மொத்தத் தொகை கைக்கு வந்த மாதமே உறவினர்கள் ஆலோசனையோடு வருவார்கள். ஆறு மாதத்துக்கு அதை வங்கி வைப்பிலேயே போட்டு வைத்து, எல்லோரிடமும் ‘யோசித்துச் சொல்கிறேன்’ என்று மட்டும் சொல்லுங்கள்.

அவர் வாங்கிய கடனுக்கு நானும் பொறுப்பா?

நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், ஜாமீன் கையெழுத்தாகவே இருந்தாலும், பொறுப்பு. போடாத கடனுக்குப் பொறுப்பு உண்டா என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். எதுவானாலும் உங்கள் கடன் அறிக்கையை இப்போதே ஒருமுறை வாங்கிப் பாருங்கள். ஞாபகமே இல்லாத கையெழுத்துகள் அதில் இருக்கும்.

சொத்தை மறைக்கிறார் என்று சந்தேகமாக இருக்கிறது.

அவர் போனைத் திறந்து பார்க்கவோ பாஸ்வேர்டைத் திருடவோ வேண்டாம். கிடைத்த ஆதாரமும் செல்லாமல் போகலாம், நீங்களே குற்றவாளி ஆகலாம். உங்களுக்கு உரிமையுள்ள காகிதத்திலேயே தடயம் இருக்கும். வரிக் கணக்கில் காட்டிய வட்டி வருமானத்துக்கு உரிய வைப்பு எங்கே? திடீரென்று உறவினருக்குத் ‘திருப்பிக் கொடுத்த’ கடன் எப்போது வாங்கியது? போனஸ் வருகிற மாதத்தில் இந்த வருடம் மட்டும் ஏன் வரவில்லை? இவற்றை வக்கீலிடம் எழுதிக் கொடுங்கள். இருவரின் வருமானத்தையும் சொத்தையும் நீதிமன்றத்தில் எழுதித் தரச் செய்ய வழி இருக்கும் இடங்கள் பல.

பல வருடம் வேலைக்கே போகவில்லை. இப்போது யார் வேலை தருவார்கள்?

கனவு வேலையைத் தேட இது நேரமில்லை. முதல் வேலைக்கு ஒரே ஒரு தகுதிதான், மாதா மாதம் தேதி தவறாமல் சம்பளம் வர வேண்டும். அது பிறகு வீடு வாடகைக்கு எடுக்கவும், கடன் வாங்கவும், வழக்கில் உங்கள் நிலையைச் சொல்லவும் உதவும். வேலைக்குப் போனால் ஜீவனாம்சம் குறையுமே என்று சிலர் தயங்குகிறார்கள். கொஞ்சம் குறையலாம். ஆனால் யாரும் நிறுத்திவிட முடியாத பணம் உங்கள் சம்பளம் மட்டும்தான். படிப்பைப் புதுப்பிக்க ஆகும் செலவை ஒப்பந்தத்தில் கேட்டு வாங்கலாம், பலருக்கு அது தோன்றுவதே இல்லை.

வக்கீல் செலவைக் குறைக்க வழி உண்டா?

உண்டு. கேள்விகளைச் சேர்த்து வைத்து வாரத்துக்கு ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். மன வேதனையை நண்பரிடம் சொல்லுங்கள், வக்கீலிடம் கணக்கை மட்டும் சொல்லுங்கள். இருவரும் ஒரே அறையில் பயமில்லாமல் உட்கார முடியும் என்றால் சமரச மையத்தில் பேசி முடிப்பது பணத்தையும் வருடங்களையும் மிச்சப்படுத்தும். ஒருவர் மற்றவரை மிரட்டி வைத்திருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

நாமினி, உயில், பாலிசி இதையெல்லாம் தீர்ப்பு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா?

தள்ளிப் போடாதீர்கள். அமெரிக்காவில் 1994-இல் விவாகரத்தான ஒருவர், தீர்ப்பு வந்து இரண்டு மாதத்தைச் சற்றே தாண்டிய நிலையில் விபத்தில் சிக்கி இறந்துபோனார். வேலை பார்த்த நிறுவனத்தின் ஆயுள் காப்பீட்டிலும் ஓய்வூதியத்திலும் முன்னாள் மனைவியின் பெயரே இருந்தது, மாற்ற அவருக்கு நேரம் வாய்க்கவில்லை. அவருக்கு அதற்கு முந்தைய திருமணத்தில் பிறந்த பிள்ளைகள் வழக்குப் போட்டார்கள். 2001-இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், திட்டத்தின் ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே பணம் என்று தீர்த்தது. ஒரு படிவத்தை நிரப்பியிருந்தால் அந்த ஏழு வருட வழக்கே வந்திருக்காது.

வழக்கு நடக்கும்போது சிலவற்றை மாற்றத் தடை இருக்கலாம். அதனால் எதையெல்லாம் இப்போதே மாற்றலாம், எதைத் தீர்ப்பன்று மாற்ற வேண்டும் என்று வக்கீலிடம் இரண்டு பட்டியல் வாங்கி வையுங்கள். துணைவரின் அலுவலக மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்கள், அது எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டுவிட்டு, அதற்கு முன்பே தனிப் பாலிசி எடுத்துவிட வேண்டும்.

சின்ன வேலைகூட மலையாகத் தெரிகிறது. ஒரு படிவம் நிரப்ப ஒரு வாரம் ஆகிறது. எனக்கு என்ன ஆச்சு?

சுமக்க முடியாத அளவு சுமக்கிறீர்கள், அவ்வளவுதான். 1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள், வாழ்க்கையில் வரும் 43 மாற்றங்களுக்கு அழுத்தத்தின் அளவில் எண் கொடுத்தார்கள். வாழ்க்கைத் துணை இறப்பது 100. அடுத்த இடத்தில் விவாகரத்து 73, அதற்கடுத்து பிரிந்து வாழ்வது 65. வரவு செலவு நிலை மாறுவது 38, வீடு மாறுவது 20. இத்தனையும் உங்களுக்கு ஒரே வருடத்தில் வந்திருக்கின்றன.

பண வேலைக்கு வாரத்தில் ஒரே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நான் சனிக்கிழமை காலையை வைத்திருந்தேன். அந்த நேரத்துக்கு வெளியே வரும் கடிதங்கள், நோட்டீஸ்கள் எல்லாம் ஒரு பையில் போகும், சனிக்கிழமை திறக்கப்படும். அவசரமானவை என்றால் நீதிமன்றத் தேதி மட்டும். தூக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் கணக்கை மூடி வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வழக்கு அடுத்த வாய்தாவுக்குப் போனால் போகட்டும்.

தீர்ப்பு வந்துவிட்டது. இனி என்ன பாக்கி?

சான்றளித்த தீர்ப்பு நகல் குறைந்தது நான்கு வாங்கிக்கொள்ளுங்கள், வங்கி, பள்ளி, பாஸ்போர்ட் அலுவலகம் என்று ஒவ்வொருவரும் அசலைப் பார்க்கக் கேட்பார்கள். அப்புறம் கூட்டுக் கணக்கை மூடியதற்கும் கடனிலிருந்து பெயர் நீங்கியதற்கும் எழுத்தில் கடிதம், வண்டி, மின் இணைப்பு, கேஸ் இணைப்பு பெயர் மாற்றம், பள்ளியில் அவசரத் தொடர்பு எண். மூன்று மாதம் கழித்து உங்கள் கடன் அறிக்கையை மறுபடி ஒருமுறை எடுத்து, பழைய கடன் அதில் இன்னும் உங்கள் பெயரில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் கையில் உள்ள அந்தக் கடிதத்தோடு வங்கிக்குப் போய், திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள்.